லோடு பிடிப்பவர் யார் பக்கம்?

"ஏனுங்கண்ணா, அமெரிக்கா லாரிகளுக்கு இங்கே உட்கார்ந்தே லோடு பிடிச்சுக் கொடுக்கலாமாமே? லைசென்ஸ் வேண்டாம், வண்டி வேண்டாம், ஒரு ஹெட்செட் இருந்தாப் போதுமாம்."

திருச்செங்கோட்டுத் தம்பி ஒருவன் பயிற்சி வகுப்பு விளம்பரம் ஒன்றைப் போனில் காட்டிக் கேட்டான். அப்பா லாரி ஓட்டியவர். லோடு, ரிட்டர்ன் லோடு, ஹால்டிங் எல்லாம் அவனுக்குப் புதிதல்ல. நான் கோவையில் இரவு ஷிப்டில் இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்திருந்தான். விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் சொல்லாமல் விட்டதுதான் வேலையே. டீ சொல்லிவிட்டு அவனுக்கு விளக்கியதை, பேசிய மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள், தம்பி. அமெரிக்காவில் ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஓனர்-ஆபரேட்டர் என்பார்கள், நம்மூர் ஓனர்-கம்-டிரைவர்தான். அவர்களில் சிலர் பெரிய கம்பெனியின் பெயரில் ஓட்டுவார்கள். லோடு கவலை கம்பெனியுடையது. மற்றவர்கள் சொந்தமாக உரிமம் எடுத்து ஓட்டுகிறவர்கள். அந்த உரிம எண்ணுக்கு எம்.சி. நம்பர் என்று பெயர். உன்னைத் தேடுகிறவர் இந்த இரண்டாமவர். காலையிலிருந்து ஸ்டியரிங்கில் இருக்கிற மனிதர் எப்போது லோடு தேடுவார்? சரக்கு வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பிடிப்பதற்கே 2012 முதல் அங்கே தடை. அவருக்குப் பதிலாகத் தேடி, பேரம் பேசி, பேப்பர் பார்த்து, "நாளை காலை எட்டு மணிக்கு இந்தக் கிடங்குக்குப் போங்கள்" என்று சொல்கிறவர்தான் டிஸ்பாட்சர்.

எதிர்ப்பக்கத்தில் சரக்கு வைத்திருக்கும் பார்ட்டி. நடுவில் புரோக்கர். பார்ட்டியிடம் ஒரு வாடகைக்குப் பேசி, லாரிக்காரருக்கு அதில் குறைத்துக் கொடுத்து, இடையில் நிற்பதைத் தன் வருமானமாக எடுத்துக்கொள்வார். இதற்கு அரசு உரிமம் வேண்டும். கூடவே 75,000 டாலருக்கு ஈட்டுப் பத்திரமோ டிரஸ்ட் நிதியோ காட்ட வேண்டும். முன்பு இது வெறும் 10,000 டாலராக இருந்தது. 2012-இல் வந்த சட்டத்தால் 2013 அக்டோபரில் உயர்ந்தது. புரோக்கர் வாடகையைக் கொடுக்காமல் கையை விரித்தால் லாரிக்காரர் அந்தத் தொகையிலிருந்து கேட்டு வாங்கலாம்.

"அப்ப புரோக்கரும் டிஸ்பாட்சரும் ஒண்ணுதானுங்களே? ரெண்டு பேரும் லோடுதானே பிடிக்கறாங்க?"

இங்கேதான் நீ நிதானமாகக் கேட்க வேண்டும். நாமக்கல்லில் புக்கிங் ஆபீஸ்காரர் பார்ட்டியிடமும் பேசுவார், லாரிக்காரரிடமும் பேசுவார். எந்த வண்டி அருகில் காலியாக இருக்கிறதோ அதற்கு லோடைக் கொடுப்பார். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அப்படிச் செய்கிறவர் புரோக்கர். டிஸ்பாட்சர் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. அவர் லாரிக்காரரின் ஆள். சம்பளமும் லாரிக்காரரிடமிருந்து மட்டும்.

நெடுநாள் இந்த எல்லை மங்கலாகவே கிடந்தது. 2021-இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் இதைத் தெளிவுபடுத்தச் சொன்னது. சரக்கு வண்டிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி நிர்வாகமான எஃப்.எம்.சி.எஸ்.ஏ., 2022 நவம்பரில் இடைக்கால விளக்கமும் 2023 ஜூனில் இறுதி விளக்கமும் வெளியிட்டது. ஒரே ஒரு அளவுகோலை வைத்து அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார்கள். ஆனாலும் சாரம் தெளிவு. லாரிக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அவர் பெயரைச் சொல்லி, அவர் வண்டிக்காகவே புரோக்கரிடம் லோடு கேட்டு, அவரிடமே கூலி வாங்கினால் நீ டிஸ்பாட்சர். பார்ட்டியிடம் நேரே போய்ச் சரக்குக் கேட்டாலோ, கையில் வண்டி இல்லாமல் லோடை ஒத்துக்கொண்டு பிறகு வண்டி தேடினாலோ, வாடகைப் பணம் உன் கை வழியாகப் போனாலோ, நீ புரோக்கர் வேலை பார்க்கிறாய். உரிமம் எங்கே என்று கேட்பார்கள். "லைசென்ஸ் வேண்டாம்" என்ற விளம்பர வரி இந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறவரைதான் உண்மை.

இந்தச் சந்தை எப்படி வந்தது என்பதையும் ஒரு வாய் டீ நேரத்தில் சொல்லிவிடுகிறேன். 1980-க்கு முன்பு அங்கே எந்த வழியில் எந்தச் சரக்கை ஏற்றலாம், என்ன வாடகை என்பதில் அரசின் பிடி இறுக்கமாக இருந்தது. அந்த ஆண்டு மோட்டார் கேரியர் சட்டம் பிடியைத் தளர்த்தியது. சின்ன ஆட்கள் உள்ளே வந்தார்கள். வாடகை அன்றன்றைய பேரமானது. அதற்குச் சற்று முன்னால், 1978-இல், ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் ஜூபிட்ஸ் என்ற லாரி நிறுத்தத்தில் 'டயல்-எ-டிரக்' என்று ஒரு சேவை தொடங்கியிருந்தது. எங்கே என்ன லோடு என்று டிரைவர்களுக்குத் திரையில் காட்டும். அதுதான் இன்று டி.ஏ.டி. என்ற பெரிய லோடு போர்டு. டிரக்ஸ்டாப் 1995-இல் வந்தது. இரண்டும் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற இணையச் சந்தைகள். டிஸ்பாட்சரின் இரவு இவற்றின் முன்னால்தான் கழியும். அங்கே கிழக்குக் கரையில் காலை எட்டு என்றால் கோடையில் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. மேற்குக் கரையில் கடை மூடும்போது நமக்குப் பால்காரர் வந்துவிடுவார்.

சரி, போர்டில் ஒரு லோடு தெரிகிறது. புரோக்கருக்குப் போன் போடுகிறாய். அவர் முதலில் கேட்பது உன் பெயரை அல்ல, எம்.சி. நம்பரை. அதைத் தட்டிப் பார்த்து, உரிமம் வாங்கி எத்தனை நாள், இன்சூரன்ஸ் எவ்வளவு என்று பார்ப்பார். சாதாரணச் சரக்குக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு. புரோக்கர்கள் பொதுவாகக் கேட்பது பத்து லட்சம். அதோடு சரக்குக்கு ஒரு லட்சம். உரிமம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வண்டி என்றால் பல புரோக்கர்கள் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். புது லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டு வேலை தொடங்கும் புது டிஸ்பாட்சர்கள் முதல் மாதம் வாங்குகிற அடி இதுதான்.

அதைத் தாண்டினால் உன் முறை. எடை எவ்வளவு? வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன்னைத் தாண்டக் கூடாது. நேரம் குறித்திருக்கிறார்களா, வரிசையில் நிற்க வேண்டுமா? அங்கே போய் ஏற்ற வேண்டுமா, ஏற்கெனவே ஏற்றி நிற்கிற டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தால் போதுமா? இறக்குகூலி யார் தலையில்? மளிகைக் கிடங்குகளில் லம்பர் என்று இறக்குகூலி வாங்குவார்கள். ரசீது இருந்தால்தான் புரோக்கர் திருப்பித் தருவார். இவ்வளவும் கேட்ட பிறகு வாடகையைப் பேசு. வாடகையை முதலில் பேசுகிறவன் மீதியைக் கேட்க மறந்துவிடுவான். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களில் இப்படி நடக்காதவர் குறைவு.

பேரம் படிந்ததும் ரேட் கன்ஃபர்மேஷன் என்று ஒரு காகிதம் மின்னஞ்சலில் வரும். 'ரேட்கான்' என்பார்கள். வாடகைத் தொகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். நீ படிக்க வேண்டியது பின் பக்கங்களை. தாமதமானால் இவ்வளவு பிடித்தம், டிரைவர் போனில் கண்காணிப்புச் செயலி அணைந்திருந்தால் இவ்வளவு பிடித்தம் என்றெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். வண்டி காத்துக் கிடந்தால் கேட்கிற ஹால்டிங் விஷயமும் அங்கேதான். அமெரிக்காவில் அதற்கு டிடென்ஷன் என்று பெயர். வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதன்பின் மணிக்கு இவ்வளவு. ஆனால் இரண்டு மணி நேரம் முடிவதற்கு முன்பே புரோக்கருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், சரக்குச் சீட்டில் வந்த நேரமும் போன நேரமும் கிடங்குக்காரர் கையால் ஏறியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். டிரைவர் ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தது உண்மையாக இருந்தாலும், அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு டாலர் பேராது. ஒன்றரை மணி நேரத்தில் அலாரம் வைத்து, புரோக்கருக்கு மெயிலும் டிரைவருக்குச் செய்தியும் அனுப்புகிறவன்தான் சம்பளத்துக்குத் தகுதியான டிஸ்பாட்சர் என்பது என் கட்சி. லோடு பிடிப்பதை மட்டும் திறமை என்று பேசுகிறவர்களுக்கு இந்த அலாரம் வைக்கத் தெரியாது.

"அஞ்சு மணி நேரம் போனா ராத்திரி சேர்த்து ஓட்டிக்க மாட்டாங்களா?"

அப்பா ஓட்டிய காலத்தை நினைத்துக் கேட்கிறாய். அங்கே முடியாது. பத்து மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால், அந்த நிமிடத்திலிருந்து பதினான்கு மணி நேரக் கடிகாரம் ஓடும். அதற்குள் அதிகபட்சம் பதினொரு மணி நேரம் ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டியிருந்தால் அரை மணி நேரமாவது நிறுத்தியாக வேண்டும். வாரம் முழுக்க ஓடுகிற வண்டிக்கு எட்டு நாளில் எழுபது மணி நேர வேலைதான் வரம்பு. கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரத்துக்காக அந்தப் பதினான்கு மணிக் கடிகாரம் நிற்காது. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் இதை எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. முன்போல நோட்டில் திருத்தி எழுத முடியாது.

டாலஸில் காலை எட்டுக்கு ஏற்றி, மறுநாள் காலை ஏழுக்கு அட்லாண்டாவில் இறக்க வேண்டும் என்று ஒரு லோடு வருகிறது என வைத்துக்கொள். தூரம் சுமார் 780 மைல். நல்ல வாடகை. எடுக்கலாமா? ஏற்றி முடிக்க ஒன்பது. மணிக்கு 55 மைல் சராசரி என்றால் பதினொரு மணி நேரத்தில் 605 மைல். நடுவில் அரை மணி நேர நிறுத்தம். இரவு எட்டரைக்கு வண்டி நின்றுவிடும். பத்து மணி நேர ஓய்வு முடிய மறுநாள் காலை ஆறரை. மீதி 175 மைலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். டாலஸ் நேரப்படி பத்துக்குக் கொஞ்சம் முன்பு போய்ச் சேருவார். அட்லாண்டா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே அங்கே பதினொன்று நெருங்கிவிடும். ஒரே டிரைவர் உள்ள வண்டிக்கு அந்த லோடு முதலிலேயே சாத்தியமில்லை. அதை ஒத்துக்கொண்டு, பிறகு டிரைவரை "எப்படியாவது" என்று நெருக்குவது அசிங்கம் மட்டுமல்ல. விதியை மீறச் சொல்லி டிரைவரைக் கட்டாயப்படுத்துவதற்கு எதிராக 2016-இல் தனி விதியே வந்துவிட்டது.

இப்போது பணக் கணக்கு. நாமக்கல் பையன் என்பதால் உனக்கு இது சீக்கிரம் பிடிபடும்: ஒரு லோடின் வாடகை அந்த லோடில் மட்டும் இல்லை, அது உன்னைக் கொண்டுபோய் விடுகிற ஊரிலும் இருக்கிறது. ஃபுளோரிடாவை எடுத்துக்கொள். ஜனம் அதிகம், உள்ளே போகும் சரக்கு அதிகம். வெளியே வருவது குறைவு. உள்ளே போக நல்ல வாடகை தருவார்கள். திரும்பி வர யாரும் தர மாட்டார்கள். கணக்குக்காக எண்கள் வைப்போம். அட்லாண்டாவிலிருந்து மயாமி 660 மைல், 2,000 டாலர். மைலுக்கு மூன்று டாலர், கண் விரியும். இறக்கிய பிறகு அங்கே லோடு இல்லை. 210 மைல் காலியாக லேக்லாந்து வந்து, அங்கிருந்து 470 மைல் அட்லாண்டாவுக்கு 650 டாலருக்கு ஏற்றுகிறார். மொத்தம் 1,340 மைல், 2,650 டாலர். மைலுக்கு இரண்டு டாலருக்கும் கீழே. அதே வண்டி சிகாகோவுக்கு 715 மைல் 1,500 டாலருக்குப் போய், அங்கிருந்து 1,700 டாலருக்குத் திரும்பினால்? 1,430 மைல், 3,200 டாலர். மைலுக்கு 2.24. முதல் லோடைப் பார்த்தால் மயாமி. ரவுண்டைப் பார்த்தால் சிகாகோ. காய்கறி அறுவடையாகும் வசந்த காலத்தில் குளிர்பதன வண்டிக்கு ஃபுளோரிடாக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் சேர்த்துக்கொள். எந்த வகுப்பும் இதை ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடாது. வரைபடமும் பருவமும் மனதில் ஏற ஓராண்டாவது பிடிக்கும்.

"நமக்கு எவ்வளவுங்கண்ணா கிடைக்கும்?"

பொதுவாக வாடகையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம். சிலர் வாரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். சதவீதக் கூலியில் ஒரு கோளாறு இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை. உன் கூலி மொத்த வாடகையில். லாரிக்காரர் வயிறு செலவு போக மிஞ்சுவதில். இரண்டு லோடு இருக்கிறது. இரண்டுக்கும் சரக்கோடு ஓடும் தூரம் ஒன்றே. ஒன்று 2,400 டாலர், ஆனால் 250 மைல் காலியாகப் போய் ஏற்ற வேண்டும். இன்னொன்று 2,200, காலி ஓட்டம் 30 மைல்தான். ஏழு சதவீதம் உனக்கு என்றால் முதல் லோடில் 14 டாலர் கூடுதல். கூடுதலான 200-இல் உன் பங்கு போக அவருக்கு 186. ஆனால் 220 மைல் அதிகம் ஓட வேண்டும். கேலனுக்கு ஆறரை மைல், டீசல் நான்கு டாலர் என்றால் டீசலுக்கே 135. டயரும் பராமரிப்பும் மைலுக்கு 25 சென்ட் என்றால் 55. ஆக 190. வந்த 186-ம் போய், மேலே நாலு டாலர் கைக்காசும், கடிகாரத்தில் நாலு மணி நேரமும் நட்டம். உனக்கு மட்டும் 14 டாலர் லாபம். யாரும் ஏமாற்றவில்லை, கூலிமுறையே உன்னை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆகவே வாரம் இவ்வளவு என்ற கூலிதான் நேர்மைக்கு எளிது என்பது என் எண்ணம். வாரக் கூலி வாங்குகிறவன் சோம்பேறியாகிவிடுவான் என்பார்கள். ஆகலாம். சோம்பேறியை லாரிக்காரர் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். காலி மைலை மறைக்கிறவனைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகும்.

விளம்பரங்கள் காட்டும் வருமானம் பெரும்பாலும் நல்ல காலத்துக் கணக்கு. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் மூடிய டிரெய்லருக்கு அன்றாடச் சந்தையில் வாடகை சராசரியாக மைலுக்கு மூன்று டாலரைத் தொட்டது. 2023-இல் அது இரண்டு டாலரை ஒட்டி வந்துவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் அதே 2023-க்குப் போட்ட கணக்கில், டிரைவர் சம்பளமும் சேர்த்து ஒரு லாரி ஒரு மைல் ஓட ஆகும் செலவு 2.27 டாலர். அது கம்பெனிகளிடம் திரட்டிய சராசரிதான். இருந்தாலும், தனி வண்டிக்காரர் அந்த இடைவெளியைத் தன் சொந்தச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் அடைக்க முடியும். அந்த நிலையில் இருப்பவரிடம் பத்து சதவீதம் கேட்கப் போகிறாய் என்பதை நினைவில் வை.

ஒரு எச்சரிக்கை. திருட்டு இப்போது போனிலும் மெயிலிலும்தான் நடக்கிறது. புரோக்கரிடமிருந்து லோடை எடுத்த ஒருவன், தானே ஓட்டாமல் இன்னொரு வண்டிக்குத் தள்ளிவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். டபுள் புரோக்கரிங் என்பார்கள். ஓட்டிய லாரிக்காரர் பணத்துக்கு அலைவார். சந்தை வாடகையைவிட மிக அதிகமாக ஒருவன் தருகிறேன் என்றால், எஃப்.எம்.சி.எஸ்.ஏ. பதிவேட்டில் அந்த புரோக்கர் பெயரில் உள்ள எண்ணுக்கு நீயே திரும்பக் கூப்பிட்டுப் பார். மெயிலில் வந்த எண்ணுக்கு அல்ல. உன்னிடமும் லாரிக்காரரின் உரிமக் கடிதம், இன்சூரன்ஸ் சான்று, வரிப் படிவம் எல்லாம் இருக்கும். அவை கசிந்தால் அவர் பெயரில் யாரோ லோடு எடுப்பான். வாட்ஸப் குழுவில் போட்டு வைக்கிற சமாச்சாரம் இல்லை அது.

"ஓட்டி முடிச்சு நம்ம கமிஷனைத் தராம விட்டுட்டா?"

நேரடியாகத் தொழில் செய்தால் அந்த ஆபத்து உண்டு. கொஞ்ச டாலருக்காக இங்கிருந்து அங்கே வழக்குப் போட முடியாது. புரோக்கர் தரும் பணத்திலிருந்தே உன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கு அனுப்பலாமே என்று தோன்றும். நான் முதலில் சொன்ன கோட்டைத் தாண்டுகிற இடம் அதுதான். பொதுவாக புரோக்கர் பணம் தர முப்பது நாள் ஆகும். காத்திருக்க முடியாத லாரிக்காரர்கள் பில்லை ஃபேக்டரிங் கம்பெனியிடம் கொடுத்து, சில சதவீதம் கழித்து உடனே வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கம்பெனியிடமிருந்தும் நீ வாங்கக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்து ரேட்கான்களைப் பட்டியலிட்டு லாரிக்காரருக்கு பில் அனுப்பு. ஒரு வாரம் பாக்கி நின்றால் அடுத்த வாரம் லோடு தேடாதே.

இங்கிருந்து இந்த வேலை பார்க்கிற பலர் ஏதாவது ஆபீஸில் மாதச் சம்பளத்துக்குத்தான் இருக்கிறார்கள். நீயும் அப்படிச் சேர்ந்தால், சம்பளம் பேசும் முன்பு மூன்று விஷயம் கேள். ஒவ்வொரு லாரிக்காரரோடும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? புரோக்கரிடமிருந்தோ ஃபேக்டரிங் கம்பெனியிடமிருந்தோ ஆபீஸுக்கு ஏதாவது வருகிறதா? ஒரு வண்டிக்கென்று பிடித்த லோடை, அந்த வண்டி வராவிட்டால் இன்னொரு வண்டிக்கு மாற்றிக் கொடுக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமா, அதெல்லாம் சகஜம்" என்று பதில் வந்தால், அந்த ஆபீஸில் ஹெட்செட்டை மாட்டாதே.